கிறிஸ்துமஸ் படமும் மூன்றாம் ஓலையும்

தூத்துக்குடி
புதன்கிழமை, காலை பதினொரு மணி

அன்பு மகன் ஜாய்சனுக்கு அம்மா எழுதுவது.

மாதா உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். இந்த இடத்தில் நாங்கள் இங்கே சுகம் என்று எழுதிவிட்டு உன் சுகத்தைக் கேட்க வேண்டும். சாப்பிடுகிறோம், கோவிலுக்குப் போய் வருகிறோம், உன் அப்பா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் இருமல் நின்றதா? ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் கத்தும்போது நடுவில் இரண்டு தடவை இருமினாய். அத்தனை சண்டையிலும் அது என் காதில் விழுந்தது, அப்புறம் நீ என்ன சொன்னாய் என்பது பாதி விழவில்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி, ஏசியைக் கொஞ்சம் குறைத்து வை.

போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், உன் அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நடந்ததை முதலில் இருந்து வரிசையாக எழுதுகிறேன், என் மேல் தப்பு உள்ள இடத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீயும் வேகமாகத் தள்ளிவிடாமல் ஒவ்வொரு வரியாகப் படி. ஜனவரி ஏழாம் தேதி உனக்கும் டயானாவுக்கும் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இதைப் படித்துவிட்டு நீ செய்யப்போவதில்தான் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அந்தச் செய்தி வந்தது. ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்த பெரிய ஹீரோ படத்தை உங்கள் கம்பெனி வாங்கிவிட்டது, தியேட்டர் பக்கமே போகாமல் கிறிஸ்துமஸ் அன்று நேராக வீட்டு டிவிக்கும் போனுக்கும் வருகிறது என்று. அந்த நேரத்தில் ஆன்டனி அண்ணன் தன் தியேட்டர் வாசலில் நின்று அதே படத்தின் ஃபிளக்ஸைக் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். உனக்கு மாமனாராக வரப்போகிற மனிதர், வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நின்று, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று கை காட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கம் கயிறு கட்டியாகிவிட்டது. அப்போது போன் வந்தது. பேசி முடித்துவிட்டு ஏணியில் நின்றவர்களைப் பார்த்து, "இறங்குங்கலே" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த ஃபிளக்ஸ் இரண்டு நாள் ஒற்றைக் கயிற்றில் அப்படியே தொங்கியது, காற்று அடிக்கும்போதெல்லாம் ஹீரோ முகம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நானே பார்த்தேன், பார்க்காத மாதிரி போனேன்.

நம் தெருக்களில் கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று மும்பையில் இருந்துகொண்டு மறந்திருக்க மாட்டாய். காலையில் பூசை, மத்தியானம் பிரியாணி, சாயந்திரம் புதுத்துணி கசங்காமல் குடும்பம் குடும்பமாக ஆன்டனி அண்ணன் தியேட்டர். புது வருஷம் முடியும்வரை முக்கால்வாசி விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அந்தப் பத்து நாள் கூட்டத்தை நம்பித்தான் அவர் மீதி வருஷம் காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டுகிறார். இன்னொரு விஷயமும் உனக்குத் தெரியும். தெற்கே உள்ள இந்த ஏழெட்டுத் தியேட்டர்காரர்களும் பெரிய படம் வந்தால் விநியோகஸ்தரோடு கடைசி இரண்டு நாள்வரை இழுப்பார்கள், எங்களுக்கு உங்கள் படமே வேண்டாம் என்பார்கள், ஆனால் பேச்சு முடியும் முன்னாலேயே ஃபிளக்ஸ் ஏறிவிடும். எப்படியும் ஒத்துக்கொள்ளப் போகிறோம் என்பது அவர்களுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். வருஷக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது, இந்தத் தடவையும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உங்கள் கம்பெனி வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இரண்டாவது ஓலை. மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்ன பிறகுதானே தாலி. முதல் ஓலை அன்று ஆன்டனி அண்ணன் முதல் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், அவர் பேரைச் சாமியார் வாசித்தபோது திரும்பி நம்மைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஞாயிறு, பாஸ்கல் மெட்டில்டா தம்பதியரின் மகன் ஜாய்சன் என்று வாசித்ததுமே எழுந்தார். பக்கத்தில் டயானாவின் அம்மா ஆனி மயினி முழங்கையைப் பிடித்து இழுத்தாள், அவர் உதறிவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போனார். கோவிலே திரும்பிப் பார்த்தது. உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டு முழுவதையும் பாடினார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்டருகில் நிற்கிறார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தங்கச்சி, படம் போனது போகட்டும், அது யாவாரம். உங்க மவன் என்ன வேல பாக்கான்னு நான் கேட்டப்ப நீங்க என்ன சொன்னிய, அத மட்டும் இப்ப ஒரு தடவ சொல்லுங்க" என்றார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுதான் என் தப்பு, எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் மாதா திருவிழா சமயம் பெண் பேச அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் கேட்டார், நான், "சினிமா லைன்லதான் அண்ணாச்சி இருக்கான், படம் வாங்குத வேல" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோய், "அப்ப நம்ம ஆளு" என்றார். விநியோகஸ்தர் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டார். அவர் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஓடிடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தியேட்டர்காரர் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் காப்பி வராது என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நல்ல பெண், நல்ல குடும்பம், உனக்கும் முப்பத்தொன்று ஆகிவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் என்ன செய்துவிடப் போகிறார் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனி மயினி தட்டில் வைத்த மக்ரூனைக் கடித்துக்கொண்டு நீயும் பேசாமல் இருந்தாய். டயானாவிடம் மட்டும் பின்னால் சொன்னாயாம், அவளும் அப்பாவிடம் பைய சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாளாம். ஆக மூன்று பேர் சேர்ந்து ஒரு மனிதரை முட்டாளாக்கியிருக்கிறோம். மூத்தவள் நான், அதனால் என் பங்கு பெரிது. திங்கட்கிழமை அவர் வீட்டுக்கே போய், நான் தெரிந்தேதான் மறைத்தேன் அண்ணாச்சி, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

நீ போனில் சொன்னதையும் நான் யோசிக்காமல் இல்லை. படம் எடுத்தவர்களே எங்களிடம் வந்தார்கள், நாங்கள் யார் வீட்டிலும் புகுந்து திருடவில்லை, தியேட்டருக்குக் கூட்டம் வராததற்கு நாங்களா பொறுப்பு, ஒரே நேரத்தில் லட்சம் வீட்டில் பார்க்கப் போகிறார்கள், இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்டாய். கேட்பது நியாயம்தான். உன் அப்பாவையே எடுத்துக்கொள். துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் போட்டில் முப்பது வருஷம் ஏறி இறங்கிய கால், இப்போது தியேட்டர் பால்கனிப் படி ஏறினால் இரண்டு நாள் படுத்துவிடுகிறது. உன் பாஸ்வேர்டில் வாரத்துக்கு நாலு படம் பார்க்கிறார், காதில் அந்த வயரை மாட்டிக்கொண்டால் சோறு வைத்திருக்கிறேன் என்றாலும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் வாயைத் திறக்க அவருக்கு யோக்கியதையே கிடையாது, அது அவருக்கும் தெரியும், அதனால்தான் நாலு நாளாகப் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கிருபாபாய் இடுப்பு முறிந்து பதினோரு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறாள். பெரிய படம் ஒன்றை ஊர் பார்க்கும் அன்றே தானும் பார்க்கப் போகிறோம் என்று சின்னப்பிள்ளை மாதிரி நாள் எண்ணுகிறாள். "ஒம் மவன் நல்லாருப்பான் ஏளா" என்று சொல்லும்போது நான் அவளிடம் என்னவென்று சொல்ல? கப்பலில் இருக்கிற உன் சித்தப்பா மகன் இனிகோ, கரையில் இருப்பவர்கள் பார்க்கும் நாளிலேயே நாங்களும் நடுக்கடலில் பார்ப்போம் பெரியம்மா என்று மெசேஜ் போட்டிருக்கிறான். இவர்களுக்கெல்லாம் படம் போகக்கூடாது என்று சொல்ல நான் யார்.

ஆனால் அதே கிருபாபாய் என்ன சொன்னாள் என்பதையும் கேள். "நீயும் வந்து என் பக்கத்துல இருந்து பாரு ஏளா, ஒத்தையில சிரிச்சா கோட்டின்னுல்ல நினைப்பாவ" என்றாள். அப்புறம் ஆன்டனி அண்ணன் செகண்ட் ஷோவை எப்படி ஆரம்பிப்பார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? போஸ்டரில் பத்து மணி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போன் போட்டுக் கேட்பார், கடைசிப் படகு கரையேறிவிட்டதா என்று. இன்னும் இரண்டு படகு வர வேண்டும் என்றால் இன்னும் இரண்டு பாட்டு ஓடும், கூட்டம் விசில் அடித்தாலும் படம் ஆரம்பிக்காது. மீன் வாடையோடு அவர்கள் ஓடிவந்து உட்கார்ந்த பிறகுதான் விளக்கு அணையும். உங்கள் ஆப்பில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அவரவர் நேரத்துக்கு அவரவர் பார்க்கலாம், அது சௌகரியம்தான், நான் மறுக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து படம் போட்ட மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெரிய படமெல்லாம் வீட்டுக்கே வந்துவிட்டால் அந்தத் தியேட்டர் இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் தாங்கும்? அதையும் யோசித்துக்கொண்டே மேலே படி.

திங்கட்கிழமை காலையில் ஆன்டனி அண்ணன் பங்குச்சாமியாரிடம் போய் மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். உன் மகளோ அந்தப் பையனோ வந்து சொன்னால் நிறுத்துகிறேன், படம் கிடைக்கவில்லை என்று தகப்பன் சொன்னால் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை என்று சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். இது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் மீன் வாங்கப் போனால் பேச்சு நிற்கிறது, நகர்ந்ததும் மறுபடி தொடங்குகிறது. உன் அப்பா வாசல் பக்கமே வரவில்லை.

அன்று சாயந்திரம், மேட்னி முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் டயானா ஸ்கூட்டரில் வந்தாள். தியேட்டர் கவுண்டரும் ஆன்லைன் புக்கிங்கும் அவள் கையில்தான் என்பதால் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நான் அவளும் படத்துக்காகத்தான் கோபமாக இருப்பாள் என்று நினைத்து, உன் பக்கம் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள், நல்ல சிரிப்பு இல்லை. "மாமி, பெரிய படம் வந்தா சின்னப் படத்த மூணாவது நாளே தூக்கி எறியுத ஆளுதான் எங்கப்பாவும். எங்ககிட்டயும் எல்லா நியாயமும் கிடையாது. பெரிய படம் மொதல்ல நாலு வாரம் தியேட்டர்ல ஓடட்டும், அப்புறம் வீட்டுக்கு வரட்டும், ரெண்டு பேரும் பொழைப்போம்ங்கதுதான் என் கட்சி. நேரா வீட்டுக்குத்தான்னா நாங்க இன்னும் நல்ல சீட்டு போட்டு, நல்ல சவுண்டு போட்டு சண்டை போட்டுப் பாப்போம். அதுக்காவ யாராச்சும் கல்யாணத்த நிறுத்துவாவளா" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. காப்பி போட எழுந்தேன். உட்காருங்க மாமி, நான் கேட்க வந்தது வேறு என்றாள்.

ஜாய்சன், இனிமேல் எழுதுவதை இரண்டு தடவை படி. நவம்பர் மாதம் நீங்கள் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு உங்கள் தியேட்டரில் என்ன படம், பேச்சுவார்த்தை எதுவரை வந்திருக்கிறது என்று நீ அவளிடம் கேட்டாயாம். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எந்தெந்தத் தியேட்டர்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள், கடைசிவரை இழுக்கப் போகிறார்கள், கையெழுத்துப் போடாமலே இருப்பார்கள், இரண்டு நாள் முன்னால் ஒத்துக்கொள்வார்கள் என்று, வெளியே போகக் கூடாத பேச்சு அத்தனையும். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆறு மணிக்கே முதல் ஆட்டம் போடப் போகிறேன், அப்பாவை நானே சம்மதிக்க வைத்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். நீ சூப்பர் என்றாயாம். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சூப்பர்னு சொன்னாங்க மாமி. அப்பவே அவங்களுக்குத் தெரியும்லா?"

தெரிந்துதான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் டிசம்பர் இருபத்தெட்டு என்று குறித்த கல்யாணத் தேதியை ஆபீஸில் பெரிய வேலை இருக்கிறது என்று ஜனவரி ஏழுக்கு ஏன் தள்ளினாய். ரகசியம் காக்க வேண்டும் என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அது எனக்குப் புரிகிறது, அவளுக்கும் புரிகிறது. வாயை மூடிக்கொண்டிருந்ததை அவள் மன்னித்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமை அந்தப் படத் தயாரிப்பாளர் டிவியில் பேசினாரே, தெற்கே உள்ள தியேட்டர்காரர்கள் கடைசி நாள்வரை எங்களை இழுத்தடிக்கத் திட்டம் போட்டிருந்தது எங்களுக்குத் தெரியவந்தது, அதனால்தான் இந்த முடிவு எடுத்தோம் என்று, அதை அவள் போனில் போட்டு எனக்குக் காட்டினாள். பிறகு கேட்டாள். "நான் அவங்களை நம்பிச் சொன்னது அவங்க ஆபீஸ் மீட்டிங்குக்குப் போச்சா மாமி?"

உன்னிடமே கேட்க வேண்டியதுதானே என்றேன். ஞாயிற்றுக்கிழமையே கேட்டாளாம். நீ, இப்போது வேலையாக இருக்கிறேன், இதையெல்லாம் போனில் பேச முடியாது என்று வைத்துவிட்டாயாம். அதற்குப் பிறகு நீ அவளுக்கு அனுப்பியதெல்லாம் பூவும் இதயமும்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, ஆனி மயினி என்ன மந்திரம் போட்டாளோ, ஆன்டனி அண்ணன் தானாகவே நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், படத்துக்கும் பிள்ளையளுக்கும் முடிச்சுப் போட்டது என் கிறுக்கு. மூணாவது ஓலை வாசிக்கட்டும்" என்றார். கிறிஸ்துமஸுக்கு வேறு சின்னப் படம் ஏதாவது போடுகிறேன், தியேட்டரைப் பூட்டி வைக்க மாட்டேன் என்றார். என்னைப் பார்த்தும், போகட்டும் தங்கச்சி, என்றார். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே உனக்குப் போன் போட்டார், நீ சிரித்தது எனக்கு அடுப்படிவரை கேட்டது. எனக்கு ஒரு கட்டைவிரல் பொம்மையும் கல்யாணக் கோட்டுப் படமும் அனுப்பினாய். எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. டயானாவுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை ஜாய்சன். சொல்லியிருந்தால் அவர் நேற்று நம் வாசல்படி மிதித்திருப்பாரா? தன் தகப்பனைக் காட்டிக்கொடுத்தது தானேதானோ என்ற பயத்தையும் சேர்த்து உனக்காக விழுங்கிக்கொண்டு அந்தப் பெண் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் நான் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இந்த ஞாயிறு மூன்றாவது ஓலையை வாசிக்காதீர்கள் என்றேன். அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெத்த தாய் வந்து நிறுத்தச் சொல்லுத ஓலைய நான் இதுவரைக்கும் பாக்கல" என்றார். மகன் அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லும்வரை வாசிக்க வேண்டாம் என்றேன். என்ன பதில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னாலும் எனக்கு அதிகாரம் இல்லை, அந்தப் பெண்ணிடம் கேட்கிறேன் என்று அங்கேயே டயானாவுக்குப் போன் போட்டார். அவள், "மாமி சொல்லுதபடி செய்யுங்க சாமி" என்றது எனக்கும் கேட்டது. ஆக நிறுத்தியது நான். ஆன்டனி அண்ணன் மேல் இனி நீ கோபப்பட வேண்டாம், கோபப்படுவதென்றால் என் மேல் படு. உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இதை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். முப்பத்திநாலு வருஷத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, இன்று பேசுவார்.

வெள்ளிக்கிழமை இது உன் கையில் கிடைக்கும் என்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள். சனிக்கிழமை காலை விமானத்தில் வாகைக்குளத்தில் வந்து இறங்கு. லீவு இல்லை என்று சொல்லாதே, கல்யாணத்துக்கு எடுத்த லீவில் இரண்டு நாளை இப்போதே எடு. வீட்டுக்கு வராதே, நேராகத் தியேட்டருக்குப் போ. மேட்னிக்கு முன்னால் அவள் கவுண்டரில்தான் இருப்பாள். கையெழுத்துப் போட்ட பேப்பரைப் பற்றியெல்லாம் பேசாதே, அவள் அதைக் கேட்கவில்லை. அவள் சொன்னதை நீ ஆபீஸில் சொல்லவில்லை என்றால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்று சொல், அவள் நம்பிவிடுவாள், இங்கே சாமியாருக்கு அவளே போன் பண்ணுவாள். சொன்னாய் என்றால், தெரியாமல் வாய் தவறி வந்தாலும் சரி, ஆபீஸில் நல்ல பெயர் வாங்கலாம் என்று சொல்லியிருந்தாலும் சரி, சொன்னேன் என்று சொல். அதற்குப் பிறகு அவள் உன்னைக் கட்டிக்கொண்டாலும் வேண்டாம் என்றாலும் அவள் இஷ்டம், நான் அவள் பக்கத்தில் நிற்பேன். பொய் சொல்லி அந்த ஓலையை வாசிக்க வைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. ஒரு பொய்யை நான் அந்த வீட்டில் மக்ரூன் தட்டுக்கு முன்னால் விட்டுவிட்டு வந்து பட்டது போதும்.

ஏன் இவ்வளவு தூரம் போனேன் என்று கேட்பாய். திங்கட்கிழமை அவள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்தான், என் மகன் அப்படிச் செய்கிறவன் இல்லை தாயி என்று. எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லக்கூடிய வாக்கியம். நான் வாயைத் திறந்தேன். எனக்கு அது வரவில்லை. அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, நேரமாச்சு மாமி, என்று எழுந்து போய்விட்டாள். அன்று முதல் நான் சரியாகத் தூங்கவில்லை மகனே.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். மாதா உனக்கு நல்ல புத்தியையும் நேரான வாயையும் கொடுக்கட்டும். விமானத்தில் குளிரும், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள். டிக்கெட் போட்டதும் எனக்கோ அப்பாவுக்கோ சொல்ல வேண்டாம், டயானாவுக்குச் சொல்.

உனக்காக அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆசைப்படும் அம்மா,
மெட்டில்டா பாஸ்கல்